மூடியைக் கையில் வைத்துக்கொள்பவர்: கதாபாத்திரம் மனதில் நிற்பது எப்படி?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜ சோழனின் தமக்கை குந்தவையைப் பற்றிச் சொல்லும்போது, அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று ஒரு குறிப்பு வருகிறது. அந்த வந்தியத்தேவர் எப்படிப் பேசுவார், எதற்குக் கோபப்படுவார், சிரித்தால் எப்படி இருப்பார் என்றெல்லாம் கல்வெட்டைக் கேட்டால் பதில் கிடைக்காது. பெயர் இருக்கிறது. அவ்வளவுதான்.

1950-ல் கல்கி தன் வார இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடரை ஆரம்பித்தபோது அந்தப் பெயரைக் குதிரை மேல் ஏற்றி அனுப்பினார். இன்றைக்கு அந்த நாவலைப் படித்த யாரிடமாவது வந்தியத்தேவன் எப்படிப்பட்டவன் என்று கேளுங்கள். "வாய்த்துடுக்கு ஜாஸ்தி, அவசரக்குடுக்கை, மாட்டிக்கொண்டால் கூசாமல் கதை அளப்பான், ஆனால் நம்பினவர்களைக் கைவிடமாட்டான்" என்று கூடப் படித்த பையனைப் பற்றிச் சொல்வது மாதிரி சொல்வார்கள். கதையில் எந்தச் சதியை யார் எங்கே செய்தார்கள் என்பது அவர்களுக்கே குழம்பியிருக்கும். ஆள் மட்டும் குழம்பவே இல்லை.

ஒரு பெயர் ஆளாக மாறும் இடம் எது? அதைத்தான் பார்க்கப் போகிறோம். நாவல் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கும், பிடித்த நாவல் ஏன் பிடித்தது என்று யோசிக்கிறவர்களுக்கும் இது பொதுவான கேள்வி.

முதலில் ஒரு சின்னச் சோதனை. உங்களுக்குப் பிடித்த கதாபாத்திரம் ஒன்றை, அந்த நாவலில் இல்லாத ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 5 பேர். வந்தியத்தேவன் என்றால் 5 நிமிடத்தில் மற்ற 4 பேரிடமும் பேச்சுக் கொடுத்து, யாருக்கு யார் உறவு என்பது வரை தெரிந்துகொண்டிருப்பான். ஷெர்லாக் ஹோம்ஸ் ஒருவருடைய செருப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். சார்லஸ் டிக்கன்ஸின் மிக்காபர் இருக்கிறாரே, கழுத்து வரை கடன் இருக்கும்போதும் ஏதாவது ஒரு வழி பிறக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர், அவர் லிஃப்ட்டிலும் அதையேதான் நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருப்பார். டிக்கன்ஸ் மிக்காபரை எந்த லிஃப்ட்டிலும் ஏற்றியதில்லை. ஆனாலும் நமக்குத் தெரிகிறது.

உங்கள் கதாபாத்திரம் லிஃப்ட்டில் சும்மா நின்றுகொண்டிருக்கிறதா? அப்படியானால் அதற்கு இன்னும் பெயரும் சட்டையும் மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

சரி, இது பாதிதான். என்ன செய்வார் என்று கணிக்க முடிகிறவர் மட்டுமே நினைவில் நிற்பார் என்றால், தினமும் ஒரே நேரத்தில் வரும் ரயிலைக்கூடக் கதாபாத்திரம் என்று சொல்லிவிடலாம். மறுபாதி, அவர் நம் கணிப்பை ஒருநாள் உடைக்க வேண்டும். உடைத்த மறுகணம் நமக்கு, "இதை எதிர்பார்க்கலையே" என்றும் "ஆனா யோசிச்சா, அவர் அப்படித்தானே" என்றும் இரண்டும் ஒன்றாகத் தோன்ற வேண்டும். முதலாவது மட்டும் தோன்றினால் எழுத்தாளர் இஷ்டத்துக்கு வளைத்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டாவது மட்டும் தோன்றினால் கொட்டாவி வரும்.

இதைப் பேச்சாகச் சொல்வதைவிட, ஓர் ஆளை உருவாக்கிப் பார்த்துவிடலாம்.

'அவர் 55 வயதான கணக்கர். சிக்கனமானவர், கறாரானவர், யாரையும் எளிதில் நம்பாதவர்.' புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிப்பார்கள். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்தைத் திருப்புவதற்குள் மறந்துபோகும். சிக்கனம், கறார் என்பதெல்லாம் நாம் அந்த ஆளைப் பார்த்து வந்த முடிவுகள். எழுத்தாளர் முடிவைக் கொடுத்துவிட்டு ஆளைத் தன்னிடமே வைத்துக்கொண்டுவிட்டார்.

இப்போது இப்படி: 'யாராவது பேனா கேட்டால் தருவார். மூடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு, பேனாவை மட்டும் நீட்டுவார்.'

இதைச் செய்கிற யாரையாவது நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூடி இவர் கையில் இருந்தால் பேனா எங்கேயும் போகாது என்பது கணக்கு. ஆனால் கவனியுங்கள், மேலே சொன்ன மூன்று அடைமொழிகளும் இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கின்றன. கஞ்சனாக இருந்தால் பேனா இல்லை என்று சொல்லியிருப்பார். யாரையுமே நம்பாதவர் என்றால் நீட்டியே இருக்கமாட்டார். இவர் கொடுக்கிறார். மனிதர்கள் திருடர்கள் என்று இவர் நினைக்கவில்லை, மறதிக்காரர்கள் என்று நினைக்கிறார். முன்னே எத்தனையோ பேனாக்களைத் தொலைத்திருக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமலே அந்தப் பழைய நாட்கள் எல்லாம் மூடி பிடித்த கையில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒரு செயல், மூன்று அடைமொழிகளைவிடப் புத்திசாலியாக இருக்கும்.

ஆனால் இது இன்னும் ஒரு பழக்கம்தான். பழக்கம் கதாபாத்திரமாவது, அதைக் கடைப்பிடிக்கச் சங்கடமான ஒரு தருணம் வரும்போது. கொண்டுவருவோம்.

ஒரு பெண் வந்து பேனா வாங்குகிறாள். இறப்புச் சான்றிதழுக்கான படிவம். பெயர் எழுதும் இடத்தில் எழுதிவிட்டாள். உறவு என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. இவர் மூடியோடு காத்திருக்கிறார். அவள் எப்படியோ எழுதி முடித்து, படிவத்தைக் கொடுத்துவிட்டு, பேனாவைக் கையில் பிடித்தபடியே நடந்து போய்விடுகிறாள். இவர் பார்க்கிறார். கூப்பிடுகிற தூரம்தான். கூப்பிடவில்லை. சாயங்காலம் மேஜை இழுப்பறையைத் திறந்து மூடியை உள்ளே போடுகிறார். உள்ளே ஏற்கெனவே ஏழெட்டு மூடிகள் கிடக்கின்றன.

அந்த ஏழெட்டு மூடிகளைப் பார்த்ததும் வாசகர் பின்னால் போய், முன்பு படித்ததைத் திரும்பக் கணக்குப் போடுகிறார். இவர் மூடியைப் பிடித்துக்கொள்வது பேனா திரும்பி வரட்டும் என்பதற்காகத்தான். வராதபோது எத்தனையோ முறை சும்மா இருந்திருக்கிறார். கறாரும் இரக்கமும் ஒரே இழுப்பறையில் கிடக்கின்றன. இதற்குப் பதில், அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அவர் தன் சம்பளம் முழுவதையும் தூக்கிக் கொடுத்திருந்தால் ஆச்சரியமாக இருந்திருக்கும், நம்ப முடிந்திருக்காது. ஆச்சரியத்துக்கான விதை மூடியிலேயே இருந்ததால்தான் இது ஒட்டுகிறது.

எழுதுகிறவருக்கு இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். 'வெளியே கறாராக இருந்தாலும் அவர் உள்ளுக்குள் இளகிய மனம் படைத்தவர்' என்று ஒரு வரி சேர்க்கக் கை பரபரக்கும். சேர்த்தால் தீர்ந்தது. வாசகர் தானே கண்டுபிடித்ததைப் பிடுங்கிக்கொண்டு நாமே பரிசளித்த மாதிரி ஆகிவிடும். மனிதர்கள் தாங்கள் கண்டுபிடித்ததைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த விஷயத்துக்கு விமர்சகர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1927-ல் புத்தகமாக வந்தன. அதில் கதாபாத்திரங்களைத் தட்டையானவை, உருண்டு திரண்டவை என்று அவர் இரண்டாகப் பிரித்தார். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடிந்தால் தட்டை. நம்பும்படியாக நம்மை ஆச்சரியப்படுத்த முடிந்தால் திரண்டது. கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இந்தப் பிரிவினையைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

இதில் ஒரு தவறான புரிதல் எப்படியோ பரவிவிட்டது. தட்டை என்றால் மட்டம், திரண்டது என்றால் உசத்தி என்று பலரும் நினைக்கிறார்கள். திரண்டவையே பெரிய சாதனை என்று ஃபார்ஸ்டர் ஒப்புக்கொண்டாலும், தட்டையை அவர் மட்டம் என்று ஒதுக்கவில்லை. தட்டைக்கு அவர் காட்டிய உதாரணம் மிக்காபரின் மனைவி: 'நான் மிக்காபரை விட்டுப் போகவே மாட்டேன்' என்ற ஒரே பேச்சில் அடங்கிவிடுகிறவள். டிக்கன்ஸின் ஆட்கள் பெரும்பாலும் தட்டைதான், ஆனாலும் அவர்களிடம் மனித ஆழம் இருப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது என்று ஃபார்ஸ்டர் வியக்கிறார். ஒரு நாவலில் 40 பேர் வந்தால் 40 பேரும் ஆச்சரியப்படுத்திக்கொண்டே இருக்க முடியாது. இரண்டு பக்கம் வந்துபோகும் ஒரு காவலாளிக்கு ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் நல்ல வாக்கியமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

அடுத்து, குறை. ஹோம்ஸ் முதன்முதலில் வந்த நாவல் 1887-ல் வெளியானது. அதில் வாட்சன் தன்னோடு குடியிருக்கும் இந்த விசித்திர மனிதருக்கு எதெல்லாம் தெரியும், எதெல்லாம் தெரியாது என்று ஒரு பட்டியல் போடுகிறார். இலக்கியம் சுழியம். வானியல் சுழியம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதுகூட ஹோம்ஸுக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னால், இதை இனி மறக்க முயல்வேன் என்கிறார், வேலைக்கு உதவாத தகவல் மூளையில் இடத்தை அடைக்குமாம். எல்லாம் தெரிந்த துப்பறிவாளர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். சூரியக் குடும்பம் தெரியாத இவரை மறக்க முடியவில்லை. ஆர்தர் கானன் டாயல் 1893-ல் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். வாசகர்கள் விடவில்லை, 1903-ல் உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கதையில் ஹோம்ஸ் குடியிருக்கும் லண்டன் பேக்கர் தெரு முகவரிக்கு அவர் பெயரில் வந்துகொண்டிருந்த கடிதங்களுக்குப் பதில் எழுத, அந்த இடத்தில் அலுவலகம் வைத்திருந்த நிறுவனம் தனியாக ஒரு செயலாளரையே வைத்திருந்தது.

யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதும் பாத்திரப் படைப்பில் ஒரு பங்கு. இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான உதாரணம் ஒரு ஜோடிக் காது. டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'வில், அன்னா மாஸ்கோ போய்விட்டுப் பீட்டர்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறாள். கணவர் கரேனின் அழைத்துப்போக வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் அவள் மனதில் ஓடுவது: ஐயோ, இவருடைய காது ஏன் இப்படி ஆகிவிட்டது?

காது நேற்று முளைக்கவில்லை. இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் அந்தக் காதுகளை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பாள். இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது, ஏனென்றால் நடுவில் விரான்ஸ்கி என்ற இளம் ராணுவ அதிகாரியைச் சந்தித்துவிட்டாள், மனம் அவன் பக்கம் சாயத் தொடங்கிவிட்டது. 'அவளுக்குக் கணவர் மேலிருந்த பிரியம் குறையத் தொடங்கியது' என்று டால்ஸ்டாய் எழுதியிருந்தால் நாம் தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்போம். காதைப் படித்தால் திக்கென்கிறது. அவளுக்கே இன்னும் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்துவிட்டது. கரேனினுடைய காது, வர்ணனை என்று பார்த்தால் அவருடையது. கதாபாத்திரம் என்று பார்த்தால் அது அன்னாவைப் பற்றிய செய்தி.

ஒருவர் எதைக் கவனிக்கிறார் என்பது அவர் யார் என்பதைச் சொல்லிவிடும். இதை ஒன்றை மட்டும் பழகினாலே எழுத்து மாறிவிடும் என்பது என் அபிப்பிராயம். கண்ணாடி முன்னால் நாயகியை நிறுத்தி மூக்கு, விழி, கூந்தல் என்று வரிசையாக எழுதும் வழக்கத்துக்கும் அத்தோடு விடுதலை.

எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பது இன்னொன்று. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) நாவலில் அலங்காரத்தம்மாள் கணவருக்குத் தெரிந்தே இன்னொருவரோடு உறவில் இருக்கிறாள். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகப் பிள்ளை அப்புவை வேதம் படிக்க அனுப்பிவைத்திருக்கிறாள். பாவம் என்று அவளுக்கே தெரிகிறது, விட முடியவில்லை, பிள்ளையின் புனிதத்தில் தான் கரையேறிவிடலாம் என்று நம்புகிறாள். ஏன் விட முடியவில்லை? ஜானகிராமன் ஒரு காரணத்தை எழுதி முத்திரை குத்திக் கொடுக்கவில்லை. அவள் கம்பீரத்தையும் காட்டுகிறார், குற்ற உணர்வையும் காட்டுகிறார், நடுவில் இருக்கும் பள்ளத்தை அப்படியே விட்டுவிடுகிறார். அரை நூற்றாண்டுக்கு மேலாக வாசகர்கள் அந்தப் பள்ளத்தைத் தங்கள் தங்கள் மண்ணால் நிரப்பிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காரணம் சொல்லப்பட்டிருந்தால் அவள் ஒரு வழக்காக முடிந்திருப்பாள்.

சுற்றி இருப்பவர்களும் ஓர் ஆளை உருவாக்குகிறார்கள். ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையில், மழைநாளில் காரில் ஏற்றிக்கொள்ளப்பட்டுக் கெடுக்கப்பட்ட ஒரு மாணவி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வதை எழுதினார். அம்மா அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பிறகு, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊருக்கே கேட்கும்படி கத்தியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்தார். அந்த யோசனையில் வளர்ந்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல், அதன் கங்கா. நடந்த சம்பவம் ஒன்றே. அம்மாவின் ஒரு நிமிடம் மாறியதும் மகளின் குரல், கோபம், தனிமை எல்லாமே வேறாகிவிடுகின்றன. கதாபாத்திரம் சிக்கிக்கொண்டு நகர மறுக்கும்போது, அந்த ஆளைத் தோண்டுவதைவிட்டுப் பக்கத்தில் நிற்பவரை மாற்றிப் பாருங்கள். பல நேரம் பூட்டு திறந்துகொள்ளும்.

பேச்சு, பெயர் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள் என்பதால் சுருக்கமாக. உரையாடலில் யார் பேசினார் என்பதை மறைத்துவிட்டுப் படித்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். பெயர்கள் ஒரே எழுத்தில் ஆரம்பித்தால் வாசகர் குழம்புவார். இவ்வளவு போதும்.

இந்த ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பெரும்பாலும் தெரிந்தவர்களிடமிருந்துதான், ஆனால் முழுசாக வருவதில்லை. மிக்காபரில் டிக்கன்ஸின் அப்பா இருக்கிறார். அவர் கடனுக்காக 1824-ல் சிறையில் அடைக்கப்பட்டவர். அப்போது 12 வயது டிக்கன்ஸ் பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். வாழ்க்கையில் அது ஆறாத காயம். நாவலிலோ அதே கடன்கார மனிதர் நம்மைச் சிரிக்க வைக்கிறார். அப்பாவை அப்படியே எழுதியிருந்தால் புகார்க் கடிதமாக இருந்திருக்கும். ஹோம்ஸுக்கு மூலம், டாயலுக்குப் பாடம் நடத்திய எடின்பரோ மருத்துவர் ஜோசஃப் பெல். நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் தொழிலையும் பழக்கத்தையும் சொல்லிவிடுவாராம். டாயல் அந்தத் திறமையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி வேறு ஒரு மனிதரைக் கட்டினார். தெரிந்தவர்களிடமிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டால் போதும். முழு வேட்டியையும் உருவினால் கதைக்கும் ஆகாது, உறவுக்கும் ஆகாது.

முற்றிலும் கற்பனையான ஆளை நிஜம்போல் நிறுத்த சுந்தர ராமசாமி செய்தது வேறு ஒரு வித்தை. 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) நாவலின் ஆரம்பத்திலேயே ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் 1960 ஜனவரி 5-ஆம் தேதி இறந்துவிடுகிறார், பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்த மறுநாள். காம்யு நிஜம், அவர் இறந்த தேதியும் நிஜம். அந்த நிஜ ஆணியில் ஒரு கற்பனைச் சட்டையை மாட்டிவிட்டார். சட்டைக்குள் ஆள் இருப்பதாகவே தோன்றுகிறது.

இதெல்லாம் பிறவி வரமா, பழக்கத்தில் வருவதா என்ற கேள்வி எப்போதும் வரும். கூர்ந்து பார்க்கிற கண் சிலருக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் டால்ஸ்டாயின் ஆரம்ப வரைவுகளில் அன்னா நாம் இன்று அறிந்த அன்னா இல்லை. அவ்வளவு அழகும் இல்லை, அவ்வளவு அனுதாபமும் அவள் மேல் இல்லை. பாவப்பட்டவர் கணவர்தான். எழுதி எழுதித் திருத்துகையில்தான் டால்ஸ்டாய் அவள் பக்கம் சாய்கிறார். முதலில் தீர்ப்பு எழுதிவிட்டு, அப்புறம் ஆளைச் சந்தித்த கதை அது. வரம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி ஐந்தாவது, ஆறாவது திருத்தத்தில் ஒளிந்திருக்கிறது.

என் அனுபவம் ஒன்று. முதன்முதலில் நாவல் எழுத உட்கார்ந்தபோது நாயகிக்கு என்று தனியாக ஒரு நோட்டு போட்டேன். பிடித்த நிறம், ராசி, பள்ளியில் வாங்கிய மதிப்பெண், கால் பெருவிரலில் உள்ள தழும்பு வரை எழுதினேன். நோட்டு நிறைந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தாள். நான்காம் அத்தியாயத்திலும் பார்த்தாள். அவளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அவளுக்கு என்ன வேண்டும் என்பதைத் தவிர. என்ன வேண்டும், அதற்காக எதை இழக்கத் தயார், எதை இழக்க மாட்டாள்: இந்த மூன்றும் தெரிந்தால் பெருவிரல் தழும்பு தேவைப்படும்போது தானாக வரும்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி அடைமொழியே இல்லாமல் 5 வரி எழுதிப் பாருங்கள். நல்லவர், கோபக்காரர், பாசமானவர் எதுவும் கூடாது. அவர் கை என்ன செய்கிறது, கண் எங்கே போகிறது என்பது மட்டும். முதல் இரண்டு வரிக்குள் திணறல் வரும். மூன்றாவது வரியில்தான் இத்தனை நாள் கண்ணெதிரே இருந்தும் நீங்கள் பார்க்காத ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கும்.

அப்புறம், அந்த லிஃப்ட் இன்னும் பாதியில்தான் நின்றுகொண்டிருக்கிறது. நம் கணக்கரும் உள்ளே இருக்கிறார். சுவரில் ஒட்டியிருக்கும் அவசர எண்ணைக் குறித்துக்கொள்ள, மூலையில் நிற்கும் ஒரு பையன் பேனா இருக்கிறதா என்று கேட்கிறான். அவர் கை சட்டைப் பைக்குப் போகிறது.